நாயின் மோப்பமும் மருத்துவரின் செவியும்

ஒருவரை இழித்துரைக்க எண்ணின் நம் நாவில் முதலில் எழும் சொல் 'நாய்' என்பதே. நன்றிக்கு உவமை தேடும்போதும் அதனிடமே செல்கிறோம் என்பது வேறு செய்தி. ஏசலுக்கும் உவமைக்கும் இடையே நாம் நிறுத்தி வைத்துள்ள அவ்வுயிர், மனித உடலின் நோயை மோப்பத்தால் உணரவல்லது என்பதை மருத்துவ உலகம் எண்ணிப் பார்க்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது.

1989ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் இருவர் 'லான்செட்' இதழுக்கு மடல் ஒன்று எழுதினர். ஒரு பெண்மணியின் காலில் இருந்த மச்சத்தை அவர் வளர்த்த நாய் ஓயாது முகர்ந்தது, ஆடைக்கு மேலிருந்தும் முகர்ந்தது, கடித்தெடுக்கவும் முனைந்தது. ஐயுற்று அவர் மருத்துவரை நாடினார். அது தோல் புற்றுநோய் எனத் தெரியவந்தது.

ஒரு நிகழ்ச்சி கொண்டு முடிவு கட்டலாகாது. 2004இல் இங்கிலாந்தில் ஆறு நாய்களைப் பழக்கிச் சோதித்தனர். ஏழு சிறுநீர் மாதிரிகளுள் ஒன்று மட்டுமே சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளருடையது. 54 முறையில் 22 முறை நாய்கள் அதனைச் சரியாகக் காட்டின. நூற்றுக்கு 41, தற்செயலாகக் கிட்டக்கூடியது 14 மட்டுமே. நாயை மருத்துவராக்க இக்கணக்குப் போதாது, புறக்கணிக்கவும் இடந்தராது.

ஆயின் நம் நெஞ்சில் நிற்பது பயிற்சியின்போது நேர்ந்ததே. நோயற்றவர் எனச் சேர்க்கப்பெற்ற ஒருவரின் மாதிரியை நாய்கள் நோயுடையது என்றே உறுதியாகக் காட்டின. உள்நோக்குக் கருவியும் ஸ்கேனும் அவருக்குக் குறையில்லை என்றிருந்தன. நாய்கள் பிழைசெய்தன என்று குறித்துவிட்டு மேற்செல்வது எளிது. மருத்துவரோ அவரை மீண்டும் சோதித்தார். வலச் சிறுநீரகத்தில் புற்று இருந்தது!

நாயின் மூக்கை வியப்போர் பலர். நாம் அம்மருத்துவரின் செவியை வியக்கின்றோம். ஏட்டில் எழுதி முடித்ததை வாயில்லா உயிர் மறுத்தபோது ஏட்டைத் திருப்பிப் பார்க்கும் மனம் எத்துணைப் பேருக்கு வாய்க்கும்? 'நேற்று முதல் பிள்ளை ஒரு மாதிரியாக இருக்கிறான்' என்று சொல்லும் தாய்க்கே மருத்துவமனைகளில் செவி கொடுப்பார் அரியர்.

பெரியோர் சிலர்க்கு ஒரு தயக்கம் எழலாம். நாயின் எச்சில் படாது காக்கும் நம் இல்லத்து ஒழுக்கத்திற்கு இஃது இடையூறாகாதோ? 2019இல் வெளிவந்த ஆய்வொன்றை நோக்குக. முஸ்லிம்கள் மிகுந்து வாழும் காம்பியா நாட்டில், காய்ச்சலின்றி ஓடியாடிய சிறுவர் ஓரிரவு அணிந்த காலுறைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றன. மலேரியாக் கிருமியுடையோரின் காலுறைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70ஐ இரண்டு நாய்கள் கண்டு காட்டின. அச்சிறுவருள் ஒருவரையும் அவை நேரில் கண்டதில்லை.