டப்பாவின் பின்பக்கம்



'குடல் சுத்தமானால் நீர்க்கட்டி கரைந்துவிடும்' என்ற விளம்பரத்தை நம்பி, மாதாமாதம் பவுடர் வாங்குவதாக வாசகிகள் பலர் எழுதுகிறீர்கள். வாங்கியும் மாதவிலக்கு சீராகவில்லையே என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ், குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. நீங்கள் சோம்பேறியாக இருந்ததால் வந்ததல்ல. பலருக்கு இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. அதனால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனை அதிகமாக்குகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு என்று பலவும் இதன் தொடர்ச்சி.

குடல் நுண்ணுயிரிகளுக்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். ஆனால் புரோபயாடிக் எனும் நல்ல நுண்ணுயிரிகளைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நடந்தவை. பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். சட்டப்படி தயாரிப்பாளர்கள் அச்சிட்டே ஆகவேண்டிய வரி அது. முன்பக்கத்துப் பெரிய எழுத்துகள் சொல்லாததை அது சொல்லிவிடுகிறது. பிசிஓஎஸ்ஸுக்குப் பலர் எடுக்கும் இனோசிட்டால் என்ற துணைச்சத்துக்குக்கூடச் சான்று குறைவுதான். வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

பிசிஓஎஸ் பற்றி 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், இந்த உணவுமுறைதான் உசத்தி என்று எதையும் சொல்லவில்லை. சத்தாகச் சாப்பிடுவது, விடாமல் தொடரமுடிவது, இவைதான் முக்கியம் என்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல். சோற்றை அடியோடு விடவேண்டாம். ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரைக்கூட்டும் அவரைக்காய்ப் பொரியலும் வையுங்கள். இட்லியோடு ஒரு முட்டை, இல்லையென்றால் ஒரு கைப்பிடி பாசிப்பயறு சுண்டல். மதியம் மோர். குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கு நார்ச்சத்துதான் தீனி. அது நம் காய்கறிக் கடையிலேயே கிடைக்கிறது. எடை குறையாவிட்டாலும் நடைப்பயிற்சியை நிறுத்தாதீர்கள், அதன் பலன் உடம்புக்கு உண்டு.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் எடையைப் பற்றிப் பேசாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, சாப்பிடும் பவுடர் டப்பாக்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாளாக எடுப்பவர்கள், வைட்டமின் பி12 அளவைப் பார்க்கவேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்