செயலிக்கும் ஊர், பேர் வேண்டும்!

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. தொட்டால் மணமக்கள் பெயர் வரவில்லை; ‘இந்தச் செயலியை நிறுவலாமா?’ என்று போன் கேட்கிறது. பத்திரிகை பார்க்க எதற்குச் செயலி? அதை யோசிக்காமல் ‘சரி’ என்று தொட்டு, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓடிபி யாரோ ஒருவர் கைக்குப் போய்விடும். போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புகளும் இதே ரகம்தான்.

இவற்றைச் செய்தது யார் என்றே தெரிவதில்லை. ஒன்றை முடக்கினால் மறுநாள் வேறு பெயரில் முளைக்கிறது. இதற்குத்தான் 2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு கடிவாளத்தை அறிவித்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலியானாலும், உருவாக்கியவர் தன் உண்மையான பெயர், முகவரி, மின்னஞ்சல், போன் எண் கொடுத்துப் பதிய வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள் என்பது அந்த அறிவிப்பு.

நல்லதுதானே என்கிறீர்களா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆதார் நகல் இல்லாமல் வாடகைக்கு வீடே கிடைக்காத ஊர்க்காரர்கள் நாம்!

ஆனால் எஃப்-டிராய்ட் என்றொரு தளம் 2010 முதல் இருக்கிறது. இலவசச் செயலிகள், மூல நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். ஆர்வத்துக்காகச் செயலி செய்பவர்கள் பலர் அதில் உண்டு. இந்த விதி வந்தால் தங்கள் தளமே முடிந்துவிடும் என்றார்கள் அவர்கள். காசு வாங்காமல் உழைப்பவர் எதற்காகத் தன் வீட்டு முகவரியை ஒரு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்? அரசை விமர்சிக்கும் செயலியைச் செய்தவருக்கு இது வெறும் கூச்சம் இல்லை, பயம். எதிர்ப்புக்குப் பிறகு, 2025 நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆபத்து தெரிந்தே நிறுவ விரும்பும் அனுபவசாலிகளுக்குப் பல எச்சரிக்கைகளோடு ஒரு வழி. மாணவர்களுக்குச் சில போன்களோடு நிற்கும் எளிய கணக்கு.

இன்னொன்று. இது விமான நிலையத்தில் அடையாள அட்டை பார்ப்பதைப் போல; பையைச் சோதிப்பது வேறு வேலை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அட்டை சரியாக இருப்பவர் பையிலும் என்னவும் இருக்கலாம்.

2027 வரை காத்திருக்காமல் இன்றே ஒன்று செய்யுங்கள். போன் செட்டிங்ஸில் ‘அன்னோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்அப்புக்கு அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். அம்மா, அப்பா போனிலும்தான். ஏற்கெனவே நிறுவிப் பணம் போயிருந்தால், உடனே நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியையும் 1930 என்ற எண்ணையும் கூப்பிடுங்கள்.