கலைக்கப்பட்ட ஒரு சங்கத்துக்காக

நம் நகரத்தில் ஒரு சங்கத்தைப் பாராட்டப் புகுவோர் முதலில் அதன் வயதைத்தான் சொல்கிறார்கள். 'நூறாண்டு கண்ட' என்ற அடைமொழி வாய்த்துவிட்டால் போதும். அந்த நூறாண்டில் யாரைச் சேர்த்தார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. இந்தக் கணக்கின்படி, மூன்றே ஆண்டில் மறைந்த ஒரு கால்பந்துச் சங்கம் அடிக்குறிப்புக்கு மேல் பெறாது. இந்தக் கணக்கையே நாம் மறுக்கிறோம்.

நாம் சொல்வது கல்கத்தாவின் வெல்லிங்டன் சங்கத்தை. விக்டோரியா அரசியின் காலத்தில், 1884இல், நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி அதைத் தொடங்கினார். (பெயரைக் கண்டு மிரள வேண்டாம், வங்காளத்தில் அது வெறும் குடும்பப் பெயர்.) 1869இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 15. வெள்ளைக்காரர் ஆட்டமாக இருந்த கால்பந்தை வங்காள மாணவரிடையே பரப்பியவர்களில் அவரே முதல்வர். அவர் மணி தாஸ் என்பவரை உறுப்பினராக்க முனைந்தார். மணி தாஸ் குயவர் மகன். மேல்சாதி உறுப்பினர்கள் மறுத்தனர்.

இத்தகைய இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? ஆராய ஒரு குழு அமைப்பார்கள். 'காலம் கனியட்டும்' என்பார்கள். கடைசியில் அந்த ஒருவனையே தனியே அழைத்து, பெருந்தன்மையோடு விலகிக்கொள்ளச் சொல்வார்கள். நாகேந்திரரோ சங்கத்தையே கலைத்தார். 1887இல் சோவாபஜார் சங்கத்தை நிறுவினார். மணி தாஸுக்கு அதில் இடமிருந்தது. 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை அச்சங்கம் 2-1 என வீழ்த்தியது. மோகன் பகான் கேடயம் வென்று நாடே கொண்டாடிய 1911க்கு 19 ஆண்டுகள் முந்தைய வெற்றி அது.

உள்ளிருந்தே சிறுகச் சிறுகத் திருத்தியிருக்கலாமே என்பார்கள். திருத்தியிருக்கலாம். அதுவரை மணி தாஸ் எங்கே நின்றிருப்பார் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

நம் ஊருக்கு வருவோம். 1846இல் ஆங்கிலேயர் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லை. அந்த அவமதிப்புக்கு விடையாகத்தான் மயிலாப்பூர் லஸ்ஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். அவரைப் போற்றுவதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் வெள்ளையர் அடைத்த கதவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் கை, நம்மவர் அடைத்த கதவுகளுக்கு வரும்போது ஏன் நடுங்குகிறது? 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்த குற்றத்துக்காக உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப் வாசலில் தடுத்தார்கள். வெள்ளையர் போய் 67 ஆண்டுகள் ஆன பிறகு! வேட்டியை உள்ளே விட அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நீதிபதிக்கே அந்த நிலை என்றால், குயவர் மகனுக்கு?

இத்தனைக்கும் குயவர் ஒருவரைத் தோளில் சுமக்கும் ஊர் இது. பங்குனியில் அறுபத்துமூவர் மாடவீதி வலம் வருகையில் திருநீலகண்ட நாயனாரும் வருகிறார், விழுந்து வணங்குகிறோம். வீதியில் கும்பிட்ட குலத்தை உறுப்பினர் படிவத்தில் கண்டால் மட்டும் நமக்கு விதிகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

அடுத்த நூற்றாண்டு மலரைத் தொகுப்போரிடம் நாம் கேட்பது ஒன்றே. தலைவர்களின் புகைப்படங்களுக்கு நடுவே ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். எந்தெந்த ஆண்டு வரை யார் யாருக்கு உங்கள் சங்கத்தில் இடமில்லை என்பதை அதில் அச்சிடுங்கள்.