எள்ளின் பன்மை காத்தல்

எள்ளினின்று எடுத்த நெய்யே எண்ணெய். பின்னர்த் தேங்காய்க்கும் கடலைக்கும் அப்பெயர் பொதுவாயிற்று. அத்துணைப் பழமை வாய்ந்த இவ்விதையின் மரபு குறித்து நம் கல்லூரி அன்பர்கள் சிறிது சிந்தித்தல் நலம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தார் எள்ளிலும் கருத்துச் செலுத்தினர். ‘மேற்குத் தொடர்ச்சி மலை வெள்ளை’ என்னும் வகையினின்று தெரிந்தெடுத்து, எஸ்.வி.பி.ஆர். 1 என்னும் வெள்ளெள்ளை உழவர்க்கு அளித்தனர். எள்ளின் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆதலின் நல்ல செடியொன்றன் விதையைத் தனியே விதைத்து வரின், சந்ததி தாயையே ஒத்து நிற்கும். இம்முறை போற்றற்குரியதே.

ஆயினும், தெரிவு உள்ளதை எடுக்குமேயன்றி இல்லாததைப் படைக்காது. டென்மார்க்கு நாட்டு யோஹான்சன் 1903-ஆம் ஆண்டில் பீன்ஸ் விதைகளைக்கொண்டு இதனை நிறுவினார். ஒரே செடிவழி வந்த விதைகளுட் பெரியனவற்றையும் சிறியனவற்றையும் பிரித்து விதைத்தும், அவற்றின் வழிவந்த விதைகள் சராசரி எடையில் வேறுபடவில்லை.

மேலும், குணங்கள் தனித்து வருவன அல்ல. இராஜபாளையம் நாயின் தூய வெண்ணிறத்தோடு, சில குட்டிகளிற் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருதலை வளர்ப்போர் அறிவர். எள்ளிலும் அவ்வாறே. 1943-இல் வெனிஸுவேலா நாட்டில் லாங்கம் என்னும் அறிஞர் காய் வெடியாத எள்செடியொன்றைக் கண்டார். விதை சிந்தும் குறை நீங்கிற்று. ஆனால் கடிய காயினின்று விதையைப் பிரித்தல் அரிதாயிற்று. அக்குறை தீர்க்கப் பிற வகைகளோடு அதனைக் கலக்கவேண்டியிருந்தது. பல வகைகள் இல்லையேல் கலப்பதற்கு யாது உண்டு?

பலவகை விரவிய நாட்டு விதை ஒருங்கே முதிராது, வணிகரும் விலை குறைப்பர் என்பது மெய்யே. வயல் முழுதும் அதனை விதைக்குமாறு யாம் கூறவில்லை. புது தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தின் குளிர் அறைகளில் விதைகள் காக்கப்படுகின்றன. அதுவும் இன்றியமையாத பணியே. எனினும் அங்கு உறங்கும் விதை நம் நிலத்து வெயிலையும் புதிய பூச்சியையும் எதிர்ப்பட்டு அவற்றிற்கேற்ப மாறுவதில்லை.

ஆதலின், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களினின்று வரும் மாணவர், தத்தம் வீட்டு எள்ளில் ஒரு கைப்பிடி கொணர்க. ஊரும் பெயரும் குறித்து, ஆண்டுதோறும் கல்லூரித் தோட்டத்தில் ஊருக்கொரு வரிசை விதைப்போம். செலவு சிறிது, இழந்தபின் அவ்விதையை எப்பொருள் கொடுத்தும் மீட்டல் இயலாது.