அன்னதானம் வேறு, அண்டை தர்மம் வேறு

பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா இல்லையா என்பதை, தீபாவளிக்கு அவர் கொடுத்தனுப்பும் பலகாரத் தட்டைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. அவர் வீட்டுக் கழிவுநீர் யார் வாசலில் ஓடுகிறது, அவர் வைக்கும் தீயின் புகை யார் அடுப்படியில் புகுகிறது, ஏதேனும் குறை என்று கதவைத் தட்டினால் முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்பவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறோம். மனிதருக்கு உள்ள இந்த அளவுகோல் கம்பெனிக்கும் பொருந்தும். மலையை உடைத்துக் கல் விற்கும் குவாரிக் கம்பெனிக்கு மிகவும் பொருந்தும்.

தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கல்லைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் தித்திவங்சா மலைத்தொடர், அது கருங்கல். கிந்தா சமவெளியில் தனித்தனியே எழுந்து நிற்கும் குன்றுகளோ சுண்ணாம்புக் கல். ஒரு காலத்தில் இச்சமவெளி ஈயத்திற்குப் பெயர் போனது. 1985-இல் ஈயத்தின் விலை விழுந்தது, அத்தொழிலும் படுத்தது. பால் மரங்கள் நின்ற தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டன. கல்லுக்கு மாத்திரம் தேவை ஓயவில்லை. சாலைக்குக் கல், சிமெண்டுக்குக் கல், மாடி வீட்டுக்குக் கல்.

ஆகவே குவாரியே கூடாது என்று நாம் கூறவில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சாலையும் உடைத்த கல்லால் போட்டதுதான். குவாரியில் வேலை செய்பவரும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். நாம் கேட்பது ஒன்றே: மலையின் இலாபம் ஒருவருக்கும் மலையின் தூசி மற்றொருவருக்கும் என்று பங்கு பிரிக்கக் கூடாது.

கோயில் திருவிழாவுக்கு அரிசி மூட்டை, பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் பை, விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் ஆகியவற்றைக் கம்பெனிகள் கொடுப்பதுண்டு. கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நாம் செல்வர்கள் அல்லர். ஆனால் அரிசி மூட்டை தூசியை அடக்காது. கிண்ணம் சுவரின் விரிசலை மூடாது. தானம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது, கடமை அப்படியல்ல. நல்ல அண்டை வீட்டாராக விளங்க விரும்பும் கம்பெனி, முதலில் தன் கடமைக் கணக்கைத் தீர்க்கட்டும். அந்தக் கணக்கில் நான்கு இனங்கள் உண்டு.

முதலாவது வெடி. பாறையில் துளையிட்டு மருந்து திணித்து வெடிக்கும்போது, அதிர்வு நிலத்தின் வழியே வந்து லயத்துச் சுவரையும் தாமான் வீட்டுச் சுவரையும் தொடுகிறது. இதைக் குறைக்க வழி உண்டு. எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் வெடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக நொடியின் சிறு பகுதி இடைவெளி விட்டு வெடிக்கும் டெட்டனேட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வெடியின் அதிர்வையும், நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கும் கருவியும் இருக்கிறது. குவாரி தொடங்குமுன் சுற்றுப்புற வீடுகளின் சுவர்களைப் படம் எடுத்து, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டால், பின்னால் விழும் விரிசல் பழையதா புதியதா என்ற வழக்கே எழாது. வெடிக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும்; முன்னதாகச் சங்கு ஊதட்டும். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பால் வெட்டிவிட்டு வந்து பகலில் கண் அயரும் தொழிலாளிக்கும், தொட்டிலில் குழந்தையைப் போட்டிருக்கும் தாய்க்கும், அந்த நேரம் முன்பே தெரிந்திருப்பது பெரிய உபகாரம்.

இரண்டாவது தூசி. கருங்கல்லில் சிலிக்கா உண்டு. அதன் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். அந்நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுப்பதே வழி. சுண்ணாம்புக் கல்லில் சிலிக்கா குறைவுதான் என்றாலும், ஈளை இருமல்காரருக்கு எந்தத் தூசியும் பகைதான். பால் மரத் தோட்டத்தில் மங்கில் விழும் தூசி பாலையும் கெடுக்கும். துளையிடும்போது நீர் விட்டுத் துளையிடுவது, உடைக்கும் இயந்திரத்தை மூடுவது, உள் பாதைகளுக்குத் தண்ணீர் தெளிப்பது, எல்லையில் அடர்த்தியாக மரம் வளர்ப்பது ஆகிய இவை யாரும் அறியாத வித்தைகள் அல்ல. செலவு பிடிக்கும் காரியங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது தண்ணீர். கிந்தா ஆறு நம் ஊர் வழியாகவே ஈப்போவுக்கு இறங்குகிறது. மழை பெய்யும்போது குவாரியின் சேறு வடிந்து ஓடையில் கலந்தால், அது கம்பெனியின் வேலியோடு நிற்காது. சேறு படிந்து தெளிவதற்குக் குட்டை வெட்ட வேண்டும். வெட்டினால் போதாது, குட்டை நிரம்புமுன் தூர் வார வேண்டும். தூர் வாராத குட்டை படத்தில் எழுதிய குட்டைக்குச் சமானம்.

நான்காவது லோரி. வேலிக்கு உள்ளே ஆயிரம் ஒழுங்கு இருந்தாலும், ஊர் ஜனங்கள் தினமும் காண்பது வேலிக்கு வெளியே ஓடும் லோரியைத்தான். சுமையின் மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறதா? சக்கரத்தைக் கழுவிவிட்டு ரோட்டில் ஏறுகிறதா? பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் ஓட்டத்தை நிறுத்துகிறதா? நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, டிரைவர் வேகமாக ஓட்டுகிறார் என்று குறை கூறுவது நியாயமாகுமா? வேகத்தைக் குறைக்க விரும்பும் கம்பெனி கூலி முறையைத் திருத்தட்டும்.

இந்த நான்கிற்கும் மேலாக ஒன்று உண்டு: மலையைப் பற்றிய உண்மையைச் சொல்வது. சுண்ணாம்பு மலை மழைநீரில் கரையும் மலை. உள்ளே குகையும் பிளவும் நிறைந்தது. யாரும் வெடி வைக்காவிட்டாலும் பாறை கழன்று விழக்கூடும். தைப்பூசத்திற்குக் காவடி சுமந்து போகும் நம்மவர்க்குக் குனோங் சீரோ கல்லுமலையைத் தெரியாமல் இராது. 1973 அக்டோபரில் அந்தக் குனோங் சீரோ மலையிலிருந்து பாறை சரிந்து, அடியில் இருந்த நீண்ட வீட்டின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டனர். 2022 மார்ச்சில் சிம்பாங் பூலாய் வட்டாரத்துக் குவாரி ஒன்றில் மலை சரிந்தது; மண்வாரி இயந்திரம் ஓட்டிய தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். மலையின் எந்த முகம் தளர்ந்திருக்கிறது, அடிவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் யாரும் குடியிருக்கக் கூடாது என்பதைக் கம்பெனியின் பொறியாளர் அறிவார். அவருக்குத் தெரிந்தது அடிவாரத்தில் குடியிருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

வேலிக்கு உள்ளே தொழிலாளியைக் காப்பாற்றாத கம்பெனி, வேலிக்கு வெளியே ஊரைக் காப்பாற்றும் என்று நம்புவதற்கில்லை. தூசி முதலில் நுழைவது துளையிடுபவரின் மூக்கில். பாறை முதலில் விழுவது இயந்திரம் ஓட்டுபவரின் தலையில். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்திற்குச் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் அமுலில் உள்ளன. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமையை அத்திருத்தம் தருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளரும் 2019 ஜனவரி முதல் சொக்சோ பாதுகாப்பில் சேர்ந்துள்ளனர். இவ்வுரிமைகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியின் குணம் அங்கேயே தெரிந்துவிடும்.

“எங்களிடம் பெர்மிட் இருக்கிறது, சட்டப்படி நடக்கிறோம், இதற்கு மேல் என்ன?” என்று நிர்வாகத்தார் கேட்கலாம். சட்டம் இருப்பது உண்மை. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, கல் எடுக்கப் பெர்மிட் கொடுப்பது மாநில அதிகாரத்தில் உள்ளது. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987-இல் வந்த ஆணை, குடியிருப்பு, வியாபார, தொழில் பகுதிகளிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் வரும் குவாரிக்கு முன்கூட்டியே பாதிப்பு ஆய்வு வேண்டும் என்றது. 2015-இல் புதிய ஆணை அதன் இடத்தைப் பிடித்தது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? குவாரியின் அண்டை வீட்டார் என்றால் வேலியை ஒட்டிய பத்து வீட்டார் மாத்திரம் அல்லர் என்பதைச் சட்டம் செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆய்வு அறிக்கை அலுவலக அலமாரியில் இருக்கிறது. தூசி நம் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் சந்திக்க வைப்பதே நல்ல அண்டை வீட்டாரின் வேலை.

வாய் வார்த்தையை நம்பியிருப்பதன் விலையைத் தோட்டத் தொழிலாளிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். 1950-களில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது என்ன ஆயிற்று? வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். “இந்த லயத்தில் இருந்துகொள்” என்று அவர் சொன்ன சொல்லும் அவரோடு கப்பல் ஏறிவிட்டது. வாங்கியவருக்கு அந்தச் சொல் தெரியாது. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டம் வாங்கியது இந்த அனுபவத்தினால்தான். எழுத்தில் உள்ளது நிற்கும்; துரையின் மனத்தில் உள்ளது துரையோடு போகும்.

இதே பாடம் நமக்கு அண்மையில் உள்ள செம்மோரிலும் கிடைக்கிறது. அங்கே கந்தான் மலையில் சிமெண்டுக்காகப் பல்லாண்டுகளாகக் கல் எடுக்கிறார்கள். வேறெங்கும் காணாத சிலந்தி ஒன்று அம்மலைக் குகையில் வாழ்கிறது. 2014-இல் அங்கே கண்ட ஒரு சிறு நத்தைக்கு, அப்போது குவாரியை நடத்திய லாஃபார்ஜ் கம்பெனியின் பெயரையே ஆராய்ச்சியாளர்கள் சூட்டினார்கள். உன் பெயரைத் தாங்கும் உயிரை நீயே அழிப்பாயா என்று கேட்பது போன்ற பெயர் அது! மலையின் ஒரு பகுதியை உடைக்காமல் விடுவதாகக் கம்பெனியும் கூறியது. ஆனால் 2019-இல் அக்கம்பெனி கைமாறி, ஒய்.டி.எல். குழுமத்திடம் சென்றது. பழைய முதலாளியையோ புதிய முதலாளியையோ நாம் குறை கூறவில்லை. கம்பெனி கைமாறும், மானேஜர் மாற்றலாகிப் போவார், மலையும் ஊரும் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்கிறோம். ஆகவே வாக்குறுதி மானேஜரின் நாவில் இருக்கக் கூடாது. பெர்மிட்டின் நிபந்தனையில் ஏற வேண்டும்.

எழுத்தும் கண்காணிப்பும் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டு மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரம் சாட்சி. அங்கே கிரானைட் குவாரிகள் வரம்பு மீறின. கண்மாய்களும் கால்வாய்களும் சேதமுற்றன. கழிவுக் கற்கள் மலையாகக் குவிந்தன. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் செய்தது. 2015-இல் அவர் அறிக்கை கொடுத்தார். ஆனால் அறிக்கை வந்ததனால் இடித்த மலை மீண்டும் எழுவதில்லை.

ஆகவே நம் கோரிக்கையைச் சுருக்கமாகக் கூறுகிறோம். குவாரி இருக்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் கம்பெனி, குடியிருப்பாளர், குவாரித் தொழிலாளர், அரசாங்க அதிகாரிகள் ஆகியோர் அமரும் குழு ஒன்று வேண்டும். அது மாதம் ஒருமுறை கூட வேண்டும். வெடியின் அதிர்வு, தூசியின் அளவு, ஓடை நீரின் நிலை ஆகிய கணக்குகளைத் தமிழ், மலாய், சீனம் ஆகிய மொழிகளில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும. புகாருக்கு இத்தனை நாளில் பதில் என்று நாள் குறிக்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது உள்ளூர் இளைஞரைக் காவற்காரராக மாத்திரம் எடுக்காமல், இயந்திரம் ஓட்டவும் வெடித் தொழில் கற்கவும் அனுப்ப வேண்டும். கல் தீர்ந்த பின் பள்ளத்தை என்ன செய்வது, அதற்குப் பணம் யார் கட்டுவது என்பதை முதல் வெடி வைக்குமுன் எழுத வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. வெறும் கூச்சல் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. வெடிச் சத்தம் கேட்ட நாள், மணி, விரிசல் கண்ட சுவர், சேறு வந்த ஓடை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். கணக்கெழுதிப் பழகிய கிராணிமார்கள் இப்பணியில் முன்நிற்கட்டும். பால் வெட்டும் சகோதர சகோதரிகள் கண்டதை அவர்களிடம் சொல்லட்டும். தனித்தனியாகப் போய் நஷ்ட ஈடு பேசாதீர்கள். ஒருவர் வாங்கும் சிறு தொகை நூறு பேரின் வாயை அடைத்துவிடும். சம்பளமும் விடுமுறையும் நமக்கு எப்படிக் கிடைத்தன? கூட்டாகக் கேட்டோம், ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம். அந்தப் பழைய வழியே இதற்கும் வழி.

கம்பெனியாருக்கு ஒரு வார்த்தை. திருவிழாவுக்கு நீங்கள் வரலாம். மாலை போட்டு வரவேற்போம். ஆனால் வருமுன் லோரியின் மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு வாருங்கள்.