சேம அச்சு கட்டாத வண்டி

நம் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டுக் கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு ஒரு கேரவன் வாங்கினார். திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின் இடையே ஓய்வெடுக்கும் வண்டி என்றே தமிழர்களில் பெரும்பாலோர் இதனை அறிந்திருப்பர். நண்பர் வாங்கியதோ, பழைய பயணியர் வேன் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில்கள், சமையல் மேடை, சிறு ஃபிரிட்ஜ், ஏசி, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் பொருத்திய ஒரு நடமாடும் வீடு. மீஞ்சூரில் நம் தெருவில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"முதல் பயணம் கன்னியாகுமரி, அங்கிருந்து மூணாறு. பத்து நாள். அம்மாவும் பிள்ளைகளும் வருகிறார்கள்" என்றார்.

"முதல் பயணம் பழவேற்காடு. ஒரே இரவு. நாம் இருவர் மட்டும் போவோம்" என்றோம்.

அவர் முகம் வாடிவிட்டது. வாழ்த்த வேண்டிய இடத்தில் தடை சொன்னதாக அவர் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் நம் கருத்தில் இன்றுவரை மாற்றமில்லை. இத்தகைய வண்டியை முதன்முதலாக வாங்குவோர், போகும் ஊரைத் திட்டமிடுவதற்கு முன் வரக்கூடிய பழுதைத் திட்டமிட வேண்டும். காரணங்களைச் சொல்கிறோம்.

குடும்பத்தோடு வண்டியில் வாழ்ந்துகொண்டே வழிசெல்வது தமிழர்க்குப் புதிதன்று. உப்பு வணிகரான உமணரின் வண்டியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் நுணுக்கமாகக் காட்டுகிறார். வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. புளித்த காடி வைத்த கலம் தொங்குகிறது. பிள்ளையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்ட, வலிய ஆடவர் வண்டி வரிசையின் இருபுறமும் காவலாக நடக்கிறார்கள். அந்நூலின் தலைவனான இளந்திரையனின் தொண்டை நாட்டில்தான் நம் மீஞ்சூரும் இருக்கிறது.

புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் இன்னொரு செய்தியைத் தருகிறார். வண்டியில் பூட்டியவை இளைய எருதுகள், நுகத்துக்குப் பழகாதவை. ஏற்றிய சுமையோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை. ஆகவே உமணர் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக வருவது அந்தச் சேம அச்சு. ஆண்டுதோறும் வகுப்பில் இதனை உவமை நயம் என்ற அளவிலேயே சொல்லிவந்தோம். நண்பரின் வண்டியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் அதிலுள்ள பயண அறிவு உறைத்தது. அன்று நம் எதிரில் நின்றவை பழகாத எருதும் பெருஞ்சுமையும். சேம அச்சு மட்டும் இல்லை.

அந்த அறிவு நம் ஊரில் அழிந்துவிடவும் இல்லை. காட்டுப்பள்ளிக்கும் காமராசர் துறைமுகத்துக்கும் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் ஓட்டுநர்களைக் கவனித்தால் போதும். மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் அவர்களுக்கு கேபினே வீடு. வண்டியை எடுக்குமுன் ஒருமுறை சுற்றி வருவார்கள். டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசையைக் கேட்பார்கள். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுப்பார்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் கயிறும் இல்லாமல் கிளம்பமாட்டார்கள். நண்பரின் வண்டியில் தொலைக்காட்சி இருந்தது, ஸ்டெப்னியில் காற்றில்லை.

ஒருவாறு அவரை இசையவைத்துப் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். பொன்னேரி வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் அவர் இசைவோடு வண்டியை நிறுத்தினோம். முன்னிரவு இனிதாகவே கழிந்தது. நள்ளிரவுக்குப் பின் மின்விசிறி நின்றது, விளக்கு மங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. வண்டியை மாற்றியமைத்தவர்கள் வீட்டுச் சாதனங்கள் அனைத்தையும் எஞ்சின் பேட்டரியிலேயே இணைத்திருந்தார்கள். மீன் ஏற்றவந்த வேன் ஓட்டுநர் ஒருவர் தம் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். எங்களிடம் அந்த ஒயர்கூட இல்லை. வண்டி நகர்ந்ததும் பின்சக்கரம் மணலில் புதைந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்ததே காரணம். நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ எடை. பாதியைத் திறந்துவிட்டு, சக்கரத்தின் கீழ்ப் பலகை இட்டு ஏறினோம்.

மின்கணக்கு கடினமானதன்று. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ளது 1200 வாட்-மணி. ஈய அமில பேட்டரியாயின் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். மீறினால் அதன் ஆயுள் குறையும். சிறு ஃபிரிட்ஜ், ஒரு விசிறி, இரண்டு விளக்கு எல்லாம் சேர்ந்து சராசரியாக 75 வாட் இழுத்தால் எட்டு மணி நேரம் ஓடும். ஆயிரம் வாட் ஏசியைப் போட்டால் அரைமணி நேரம்கூட உறுதியில்லை. எனவே வீட்டுக்குத் தனி பேட்டரி, எஞ்சினுக்குத் தனி பேட்டரி என்பது முதல் விதி.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய பழுதுகள். இனிச் சொல்வது அத்தகையதன்று.

காலையில் கட்டிலின் அடியில் நண்பர் எதையோ தேடியபோது, வண்டியின் தரைத்தட்டில் மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டையைக் கண்டோம். ஜெனரேட்டரிலிருந்து ஒயர் வருவதற்காக வெட்டியது, அடைக்காமல் விட்டிருந்தார்கள். "இரவெல்லாம் ஏசி ஓட இந்த ஜெனரேட்டர்தானே?" என்று கேட்டோம். "ஆமாம், அம்மாவுக்குப் புழுக்கம் தாங்காது" என்றார்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்துகிடந்ததை அவருக்கு நினைவூட்டினோம். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் புகுந்ததும், அதிலிருந்த கார்பன் மோனாக்சைடு அவர்கள் உயிரைப் பறித்ததும் பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தன. அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவரை எழுப்புவதில்லை. நண்பர் நெடுநேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையல் எரிவாயுவும் அவ்வாறே. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில், நிறுத்திவைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். காற்றைவிடக் கனமான அவ்வாயு கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருப்பது போதாது; கீழ்மட்டத்திலும் காற்றுவழி வேண்டும். உறங்கும்போது ஜெனரேட்டர் ஓடலாகாது. கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்று கட்டிலருகே இருந்தாக வேண்டும். கதவு திறக்காவிட்டால் வெளியேற எந்த ஜன்னல் என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதும் கண்முன் நிற்பதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். இல்லையேல் விபத்து நேரும் நாளில் காப்பீட்டிலும் சிக்கல் எழும்.

வழித்திட்டத்துக்கு நாம் சொல்லக்கூடியவை சிலவே. காரில் ஒருநாளில் செல்லும் தொலைவில் பாதியை வைத்துக்கொள்க. இரவு தங்கும் இடத்தை இருட்டுமுன் அடைக. வண்டியின் உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதிவைக்க. ரயில்வே சுரங்கப்பாதையின் முன் நின்று யோசித்துப் பயனில்லை. மலைச்சாலையில் எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குக. பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

"இப்படி எல்லாப் பழுதையும் எண்ணிக்கொண்டிருந்தால் வண்டி வாசலைத் தாண்டாது ஐயா" என்று நண்பர் அன்று சொன்னார். அதில் ஓரளவு உண்மை உண்டு. அச்சத்தை வளர்ப்பது நம் நோக்கமன்று. ஆனால் உமணர் சேம அச்சைக் கட்டியது வீட்டில் இருப்பதற்காக அன்று; கடற்கரையின் உப்பை மலைநாடு வரை கொண்டுபோவதற்காகவே. பழகிய இடத்துக்கு அருகில், உதவிக்கு ஆள் கிடைக்கும் தொலைவில், முதியவரும் பிள்ளைகளும் இல்லாத ஓர் இரவில் நூறு பழுது வந்தாலும் அது பாடம். அதே பழுது மூணாற்றுச் சரிவில் வந்தால் பாடமாக இராது.

நண்பர் ஓட்டையை அடைத்தார். தனி பேட்டரி வைத்தார். இரவில் ஏசிக்கு மாறாக ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார். பழவேற்காட்டுக்கே இன்னும் இருமுறை போய்வந்தார். இந்தப் பொங்கல் விடுமுறையில் தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குப் புறப்பட்டார். மூன்றாம் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். தண்ணீர் பம்ப் நின்றுவிட்டதாம். ஃபியூஸை மாற்றியதும் ஓடிற்றாம். மாற்று ஃபியூஸ் வண்டியிலேயே இருந்தது. "அம்மா தூங்கிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.