பாரிஸை இரண்டாகப் பிளப்பதா?

பாரிஸ் என்று நாம் சொல்லும் சென்னை பிராட்வே பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு, குறளகம் இருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்டு, 800 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பன்னடுக்கு முனையமும் வணிக வளாகமும் எழுப்பும் திட்டத்தில் நமக்கு வழக்கு ஒன்றும் இல்லை. பழைய நிலையத்தை நினைத்து உருகுகிறவர்கள் அங்கே ஐப்பசி மழையில் பஸ்ஸுக்கு நின்றவர்களாக இருக்க முடியாது. பெயர்ந்த தரை, தேங்கிய தண்ணீர், மூக்கைப் பொத்தாமல் கடக்க முடியாத கழிப்பறைச் சந்து. இடிக்கட்டும், கட்டட்டும். நம் எரிச்சல் வேறு. கட்டி முடிகிற வரைக்கும் பேருந்துகளை ராயபுரத்துக்குக் கொஞ்சம், தீவுத்திடலுக்குக் கொஞ்சம் என்று பாகப்பிரிவினை செய்தார்களே, அந்த முடிவின் மேல்.

இந்த யோசனையைச் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் ஒரு நாளாவது எண்ணூரிலிருந்து பஸ் ஏறி, பாரிஸில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வேலைக்குப் போனவராக இருக்க மாட்டார். போயிருந்தால், அந்த நிலையம் எதற்காக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். காலையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கல்மண்டபம் என்று நிரம்பி வரும் பஸ்ஸிலிருந்து பிராட்வேயில் இறங்குகிறவர்களில் பலருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. மவுண்ட் ரோடு அலுவலகங்களில் ஹவுஸ் கீப்பிங் பார்க்கிறவர்கள், திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் சமைக்கிறவர்கள், மயிலாப்பூர், அடையாறு அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். இறங்கியதும் நாலு எட்டு வைத்து அடுத்த வரிசைக்குப் போவார்கள். அங்கே தெற்கே போகிற பஸ் நிற்கும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தால் ஓடத் தேவையில்லை என்று அர்த்தம். அந்த நாலு எட்டுதான் பிராட்வே. மற்றதெல்லாம் கூரையும் கம்பமும்.

அந்த நாலு எட்டைத்தான் இப்போது பிளந்திருக்கிறார்கள். வடக்கே ராயபுரத்தில் என்.ஆர்.டி. பாலத்தை ஒட்டிய துறைமுக நிலத்தில் ஒரு நிலையம், தெற்கே கூவத்தை ஒட்டித் தீவுத்திடலில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மண்ணடி, பாரிமுனை, உயர் நீதிமன்றம், கோட்டை எல்லாம் கிடக்கின்றன. இங்கே இறங்குகிறவர் அங்கே எப்படிப் போய்ச் சேருவார்? நடுவில் சாலையோரம் ஒரு நிறுத்தத்தில் இறங்கி மாறிக்கொள்ளலாமே என்று பதில் வரும். மாறலாம்தான். ஆனால் நிலையத்தில் நிற்கிற பஸ் வேறு, நிறுத்தத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போகிற பஸ் வேறு. பாரிமுனை சிக்னல் பக்கம் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலையத்தில் காலியாக இருக்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போகும் வயதானவரை, நிறைந்து வரும் பஸ்ஸின் படிக்கட்டுக்கு ஓடச் சொல்கிறார்கள்.

காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துப்போகும் அம்மாக்களைப் பற்றி யாராவது ஒரு நிமிஷம் யோசித்தார்களா? விடியற்காலையில் ஏலம் முடித்து, ஐஸ் போட்டு, மேலே சாக்கு கட்டி, சும்மாட்டுத் துணியோடு கூடையை நிறுத்தத்துக்குக் கொண்டுவருவார்கள். தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர் முகம் சுளிப்பார். கெஞ்சிக் கேட்டுப் பின்படி ஓரமாக வைத்துக்கொள்வார்கள். ஏற்றுவதற்கு ஒரு கை, இறக்குவதற்கு ஒரு கை வேண்டும். நிலையத்தில் அந்தக் கை எப்படியும் கிடைத்துவிடும். பூக்காரரோ, சுமைதூக்குபவரோ, இன்னொரு கூடைக்காரியோ பிடித்துவிடுவார். இனி ராயபுரத்தில் ஒரு முறை இறக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தீவுத்திடலில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர் கூடைக்குத் தனிக் காசு கேட்பார். அதற்குள் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் மீன் விலை இறங்கும். மெட்ரோ இருக்கிறதே என்று சொல்லத் தோன்றுகிறவர்கள், ஒரு கூடைச் சங்கராவை மெட்ரோ நிலையப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி எடுத்துப்போய்க் காட்டட்டும்.

அந்த ஷேர் ஆட்டோக் காசை விட்டுவிட முடியாது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டு இலவசம். இந்தப் பகுதிப் பெண்களின் மாதச் செலவில் அது எவ்வளவு பெரிய இடத்தைக் காலி செய்தது என்பது வீட்டுக்கு வீடு தெரியும். நல்ல திட்டம், நாமும் பாராட்டியே எழுதினோம். ஆனால் அது பஸ்ஸுக்குத்தான், ஷேர் ஆட்டோவுக்கு இல்லை. இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் ஒரு துண்டுப் பாதையை வெட்டிவிட்டால், ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் ஷேர் ஆட்டோவுக்கு எடுத்துக் கொடுத்ததாகத்தான் முடியும். போக ஒரு முறை, வர ஒரு முறை, மாதம் இருபத்தைந்து நாள். கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புதிய கட்டடத்துக்கு அவர்கள் சொல்லும் காரணமே இணைப்புதான். பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்கப் போகிறார்களாம். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்கரை ரயில் நிலையம் நடக்கும் தூரம். கால் இருக்கிறவர்கள் இவ்வளவு நாளும் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இருக்கிற இணைப்பை வெட்டி, சில ஆண்டுகள் தொங்கவிட்டு, பிறகு எஸ்கலேட்டரோடு திருப்பித் தருவதற்கு வளர்ச்சி என்று பெயர்.

சில ஆண்டுகள் என்பதும் அவர்கள் வாய்க்கணக்கு. இந்த மாநிலத்தில் தற்காலிகம் என்று சொல்லப்பட்டது எப்போது சொன்ன நாளில் முடிந்திருக்கிறது? நான்காவது பாதை போட வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 27 அன்று கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று, பதினான்கு மாதம். அது ரயில்வே, நாங்கள் இல்லை என்று கோட்டைக்காரர்கள் சொல்லலாம். சரி, மதுரைக்குப் போவோம். பெரியார் பேருந்து நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி என்ற பெயரில் இடித்தார்கள். ஊரின் நடுவில் தெருத்தெருவாகப் பஸ்ஸை நிறுத்தி மக்களை அலையவிட்டார்கள். 2021 டிசம்பரில் நிலையத்தைத் திறந்தபோதும் கூடவே வர வேண்டிய வணிக வளாகம் முடிந்திருக்கவில்லை. அதுவும் இதே மாதிரிதான்: கீழே பஸ், மேலே கடை.

தூரம் போவானேன். நம் வீட்டு வாசலிலேயே எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கின்றன என்று தொண்ணூறுகளின் கடைசியில் பேசத் தொடங்கியது. சாலை ஒரு வழியாக உருவம் எடுத்தபோது, அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதே லாரிகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி வரிசை இன்னும் இருக்கிறது. போஜராஜன் நகர் சுரங்கப்பாதைக்காக மக்கள் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டே எத்தனை தேர்தலுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழைகளுக்கென்று கட்டிய அடுக்குமாடியில் சுவரைக் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்ததை 2021-ல் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐ.ஐ.டி.யை அழைத்து ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. ஆட்சி மாறுகிறது, பலகையில் படம் மாறுகிறது, கோப்பு நகர்த்தும் கை மட்டும் மாறுவதில்லை.

வெளியூர் போகும் நம் கதை இன்னும் மோசம். 2002 வரை விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் பாரிஸில்தான் பஸ் ஏறினோம். கோயம்பேடு என்றார்கள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோயம்பேடு போனோம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தைத் திறந்தார்கள், வாசலில் ரயில் நிலையம் இல்லாமலே. கல்மண்டபத்துக்காரர் தென்மாவட்டத்துக்குப் போக முதலில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஊரைக் குறுக்காகக் கடக்க வேண்டும். நள்ளிரவில் திரும்பி வந்து இறங்கினால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்வருகிற குடும்பத்துக்கு, பஸ் டிக்கெட்டைவிட நிலையத்துக்குப் போகிற செலவுதான் வயிற்றெரிச்சல். அங்கேயும் முதலில் வந்தது கட்டடம். இணைப்பு வரும், வரும் என்றார்கள்.

இந்த நகரத்தில் வேகமாக எதுவுமே நடக்காது என்று சொன்னால் அது பொய். 2024 ஆகஸ்ட் கடைசியில் இதே தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையைத் தடுப்பு வைத்து அடைத்து, விளக்குப் போட்டு, இரவில் பந்தயக் கார் ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு எந்தச் சாலையை எத்தனை மணிக்குத் திருப்ப வேண்டும் என்று வரைபடம் அச்சிட்டுக் கொடுத்தார்கள். மனம் வைத்தால் செய்யத் தெரிகிறது. 56 வரிசை பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்த மனம் வரவில்லை.

ராயபுரத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் இது. நகரத்தின் மூன்றாவது ரயில் முனையத்தை இங்கே கொண்டுவாருங்கள் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டோம். அது தாம்பரத்துக்குப் போயிற்று. ரயில் முனையத்துக்கு லாயக்கில்லாத ராயபுரம், ஊரில் இடம் கிடைக்காத பஸ்களை நிறுத்த மட்டும் லாயக்காகிவிட்டது. துறைமுகத்து நிலக்கரித் தூள் நம் கொடிக்கயிற்றுத் துணிகளில் படிந்துகொண்டிருந்த காலத்திலும் யாரும் இரங்கவில்லை. 2011-ல் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் நிலக்கரி இங்கிருந்து நகர்ந்தது. வேண்டாதது எல்லாம் வடக்கே. கொடுங்கையூரில் குப்பை, மணலியில் புகை, எண்ணூரில் சாம்பல். இப்போது ராயபுரத்தில் பஸ். கல்மண்டபம் சாலையும், இப்ராஹிம் சாஹிப் தெருவும், பழைய ஜெயில் ரோடும் ஏற்கெனவே எப்படித் திணறுகின்றன என்பதை, ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குப் பிரசவ வலியோடு ஆட்டோவில் போனவர்கள் சொல்வார்கள்.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2023-ல் 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் மேடை போட்டு அதை 4,181 கோடி ஆக்கினார்கள். தொகை வளர்வதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் கோடிகள் எல்லாம் தளங்களாகவும் கண்ணாடியாகவும் கட்டண வாகன நிறுத்தமாகவும் எழும்பி, கீழே நிற்கிற பஸ் மட்டும் விருந்தாளி போல ஆகிவிடும் என்ற சந்தேகம் நமக்கு வலுக்கிறது. வணிக வளாகம் வருமானம் தரும், அந்த வருமானத்தில் நிலையம் நடக்கும் என்பது வாதம். காகிதத்தில் சரி. பூக்கடையிலும் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் நடைபாதையில் பிழைக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த வளாகத்தில் முன்பணம் கட்டி ஒரு கடை எடுக்க முடியும்? மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபிறகு அந்த வியாபாரிகளை அல்லிக்குளத்து வளாகத்துக்குள் அனுப்பினார்கள். பழைய புத்தகம் தேடி ஊரே வந்த கடைகளுக்கு என்ன ஆயிற்று என்று அங்கே ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டை மறுபடி யோசிக்க வேண்டும். ஒரே இடத்தில் மாறிக்கொள்ளும் வசதி, கட்டுமானம் நடக்கும் காலத்திலும் ஏதாவது ஒரு வகையில் இருந்தே ஆக வேண்டும். எப்படி என்பதைப் பயணிகளையும், கண்டக்டர்களையும், டைம் கீப்பர்களையும் உட்கார வைத்துக் கேட்டால் வழி பிறக்கும். முடியாது என்று குளிர்சாதன அறையிலிருந்து சொல்வதை நாம் ஏற்பதாக இல்லை. எந்தத் தேதியில் எந்த வரிசையில் எந்த பஸ் திரும்பி வந்து நிற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அதுவரை, மேல்மாடிக் கடைகளுக்கு வாடகை டெண்டர் விடுகிற பேச்சே வேண்டாம்.